போகிக்கு வெள்ளையடிக்கும் முன் ஒருமுறை கூரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருடா வருடம் புரட்டாசி கடைசியிலோ ஐப்பசி பிறந்ததுமோ உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை தவறாமல் வருகிறது. பருவமழை நெருங்குகிறது, மொட்டை மாடியைச் சுத்தம் செய்யுங்கள், விரிசலை அடைத்துவிடுங்கள் என்று. நல்ல கட்டுரைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது வரும் நேரத்தில் கொத்தனார் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும் தளம் காய்ந்திருக்காது. காய்ந்திருந்தாலும் பூசியது இறுகுவதற்குள் அடுத்த மழை வந்து நிற்கும். அந்தக் கட்டுரையை மார்கழியில் போடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு மயிலாடுதுறையில் பழைய வீடு. தெருப்பக்கம் தாழ்வாரம் நாட்டு ஓடு. நடுவில் கூடமும் இரண்டு அறைகளும் மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்திரத்தின் மேல் கட்டைகளைப் பரப்பி, சின்னச் செங்கல்லை நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய மச்சு. பின்கட்டில் எண்பதுகளில் எழுப்பிய காங்கிரீட் தளம். அதில் இரண்டு குடித்தனம். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்குப் பென்ஷனோடு அந்த வாடகையும் சேர்ந்தால்தான் மாதம் ஓடும். ஆகவே ஒரே வீட்டில் மூன்று விதக் கூரை, அவற்றின் மூன்று விதக் கோளாறுகள், அவற்றைச் சொல்லிக் கதவைத் தட்டும் குடித்தனக்காரர்கள் என்று எனக்கு இந்த விஷயத்தில் பழக்கம் அதிகம்.

நம் ஊரில் குளிர்காலம் என்பது பனியும் உறைவும் அல்ல. காலையில் கொஞ்சம் பனிமூட்டம், தொண்டைக் கட்டு, அவ்வளவுதான். கூரைக்கு ஆபத்து குளிரால் இல்லை, அதற்குச் சற்று முன்னால் பெய்து ஓயும் மழையால். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த பிறகு, மார்கழியில் ஒவ்வொரு வீட்டின் உட்கூரையிலும் ஒரு வரைபடம் கிடைக்கிறது. எங்கே ஒழுகியது, எங்கே ஓதம் ஏறியது, எந்த மூலையில் பாசி பிடித்தது என்று எல்லாம் பச்சையாகத் தெரியும். நாம் என்ன செய்கிறோம்? போகி வருகிறது, பொங்கல் வருகிறது என்று பெயின்டரைக் கூப்பிட்டு அந்த வரைபடத்தின் மேல் வெள்ளையடித்து விடுகிறோம். தையில் வீடு பளிச்சென்று இருக்கும். மாசி, பங்குனி, சித்திரை என்று வேலை செய்ய வாகான மாதங்கள் கூரை நினைப்பே இல்லாமல் போகும். மறுபடி ஐப்பசியில் அதே இடத்தில் சொட்டும், அதே வாளியைக் கொண்டுவந்து வைப்போம்.

வெள்ளையடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பண்டிகைக்கு வீடு வீடாக இருக்க வேண்டாமா? அடிப்பதற்கு முன் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள் என்கிறேன்.

ஒவ்வொரு அறையிலும் நின்று மேலே பாருங்கள். ஓதக்கறையின் விளிம்பு பழுப்பாகவும் நடு வெளுப்பாகவும் இருக்கும். ஒரே கறைக்குள் இரண்டு மூன்று வளையம் இருந்தால் ஒவ்வொரு பெருமழைக்கும் கறை பரவியிருக்கிறது என்று அர்த்தம். உப்புப் பூத்திருந்தால் விரலில் வெள்ளை மாவாக ஒட்டும். கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் முக்கியமான வேலை: அந்த இடம் இரண்டு சுவர்களிலிருந்து எத்தனை அடி என்று டேப்பில் அளந்து குறித்துக்கொண்டு, மாடிக்குப் போய் அதே அளவில் ஒரு சாக்பீஸ் குறி போடுங்கள். ஓட்டை அங்கேயே இருக்க வேண்டும் என்பதில்லை. தண்ணீர் தளத்துக்குள் கம்பி வழியாகவும் ஒயர் குழாய் வழியாகவும் ஓடிப் போய், எங்கோ ஒரு விசிறிக் கொக்கியில் வந்து சொட்டும். என் பின்கட்டில் படுக்கையறை விசிறியில் சொட்டிய தண்ணீருக்கு வாசல், சமையலறைக்கு மேலே கைப்பிடிச் சுவரோரம் இருந்தது. ஆனாலும் குறி இருந்தால்தான் அதைச் சுற்றித் தேட முடியும். விசிறி, விளக்குப் பக்கம் கசிந்தால் வாளி வைப்பதற்கு முன் அந்த அறைக்குரிய மின் இணைப்பை நிறுத்துங்கள். இது மட்டும் விளையாட்டில்லை.

மார்கழிக்கு இன்னொரு வசதி உண்டு. மழை ஓய்ந்து பத்து நாள் வெயில் காய்ந்த பின்னும் ஒரு கறை ஈரமாகவே இருக்கிறதென்றால் அது பெரும்பாலும் மழைத்தண்ணீராக இருக்காது. மேல்நிலைத் தொட்டியோ, அதிலிருந்து இறங்கும் குழாயோ, மாடிக் குளியலறையோ கசிகிறதா என்று பாருங்கள். அதைக் கண்டுபிடிக்காமல் தளம் முழுக்க ரசாயனம் பூசிய குடும்பங்களை நான் அறிவேன். மழைக்காலத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. எல்லாம் ஒன்றாக நனைந்திருக்கும்.

சரி, மாடிக்கு ஏறுவோம். முதலில் பார்க்க வேண்டியது விரிசலை அல்ல, தண்ணீர் இறங்கும் தூம்பு வாயை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர். 44 செ.மீ. என்றால் நாற்பதாயிரம் லிட்டரைத் தாண்டும். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரி மூன்றை நிரப்பி மிச்சமும் இருக்கும். அவ்வளவும் மூன்று அங்குலக் குழாய் ஒன்றின் வழியாக இறங்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அதன் வாயில் ஒரே ஒரு வாதாம் இலை வந்து படுத்தால் போதும். எங்கள் பக்கத்து வீட்டு வாதாம் மரத்தின் இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். தூம்பு வாயை மூடும் சல்லடைத் தட்டு, அதாவது தட்டையான ஜாலியின் மேல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். தண்ணீரின் கனமே அதை இன்னும் அழுத்திப் பிடிக்கும். அரை அடி தண்ணீர் தேங்கினால் சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம். நாற்பது வருடத் தளத்தின் மேல் அதை ஏற்றிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆகவே தட்டை ஜாலியைக் கழற்றிவிட்டுக் குவிந்த ஜாலி போடுங்கள். கடையில் சொற்ப விலைதான். இலை பக்கவாட்டில் ஒதுங்கும், மேல்பக்கம் தண்ணீர் போகும். குழாய் மாற்றுவதாக இருந்தால் நாலு அங்குலம் போடுங்கள். மூன்றைவிட ஒரு அங்குலம்தானே கூட என்று தோன்றும், ஆனால் அதன் வாய் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு பெரிது. கைப்பிடிச் சுவரில் தளத்திலிருந்து சற்று உயரத்தில் ஒரு ஓட்டை விட்டு வைப்பது பழைய வழக்கம். கீழ்த் தூம்பு அடைத்தால் தண்ணீர் அதன் வழியே தெருவில் கொட்டும், வீட்டுக்காரருக்கும் விஷயம் தெரியும். இப்போது கட்டும் வீடுகளில் அழகு கெடுகிறது என்று அதை விடுவதில்லை.

மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழகம் முழுக்கக் கட்டாயமானபோது எல்லோரும் மாடிக் குழாயைக் கீழே தொட்டியில் இணைத்தோம். நல்ல காரியம். அதன் பிறகு அந்தத் தொட்டியைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? உள்ளே மணலும் ஜல்லியும் சேறாகி இறுகிக் கிடந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது, குழாயிலேயே ஏறி நிற்கும். மாடியில் தண்ணீர் தேங்குவதற்குக் காரணம் மாடியில் இல்லாமல் வாசலில் இருக்கலாம். சேற்றை வாரிப் போட மார்கழி, தை நல்ல சமயம்.

அடுத்தது வாட்டம். பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது சரிவு இருக்க வேண்டும் என்பார் எங்கள் கொத்தனார். பெரிய கருவி எதுவும் வேண்டாம். நாலு வாளித் தண்ணீரை ஊற்றி அரை மணி கழித்துப் பாருங்கள். எங்கே குட்டை நிற்கிறதோ அங்கே வாட்டம் செத்திருக்கிறது. குட்டை காய்ந்த இடத்தில் மண் ஒரு வட்டமாகப் படிந்திருக்கும். தண்ணீர் ஊற்றாமலேயே அதை வைத்தும் சொல்லலாம். தட்டோடு, அதாவது தட்டையான தள ஓடு பதித்த மாடியானால் ஒரு கம்பின் அடிப்பக்கத்தால் ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாகக் கேட்டால் விட்டுவிடலாம். பொக்கென்று கேட்கும் ஓட்டுக்கு அடியில் தண்ணீர் குடியிருக்கலாம்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை இன்னொரு வாசல். பகல் வெயிலில் தளம் விரிந்து இரவில் சுருங்கும்போது முதலில் பிளப்பது அந்த இடம்தான். அங்கே வெறும் சிமென்ட்டை வைத்து அப்பினால் அடுத்த கோடையில் மறுபடி பிளக்கும். நெகிழ்ந்து கொடுக்கும் பூச்சை உள்ளே அடைத்து, அதன் மேல் மூலையைச் சாய்த்து வளைவாகப் பூசினால்தான் நிற்கும். இதே மூலையில்தான் அரசங்கன்றும் முளைக்கும். பறவை எச்சத்தில் வருகிற விதை. தலையை மட்டும் கிள்ளினால் வேர் சுவருக்குள்ளேயே இருந்து மறுபடி துளிர்க்கும். பூச்சைக் கொஞ்சம் பெயர்த்து வேரோடு எடுக்க வேண்டும். அரசை வெட்டுவது பாவம் என்று எங்கள் தெருவில் சிலர் விட்டுவைத்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, பாவம் வராமல் ஈரமண்ணோடு எடுத்துக் குளத்தங்கரையில் நட்டுவிடுங்கள், கைப்பிடிச் சுவர் அதற்கும் நல்ல இடம் இல்லை.

இப்போது ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். பின்கட்டில் குடியிருப்பவர்கள் டிஷ் வைக்க ஆள் கூப்பிட்டார்கள். வந்தவர் நான் கீழே இருக்கும்போதே தட்டோட்டில் டிரில் போட்டு நாலு போல்ட் இறக்கிவிட்டுப் போனார். பிறகு அவர்கள் வேறு இணைப்புக்கு மாறினார்கள். டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு போனார்கள், நாலு ஓட்டை மட்டும் அங்கேயே இருந்தது. அதற்கு நேர் கீழேதான் அவர்கள் பையன் படிக்கும் மேசை. இணையக் கேபிள் இழுக்க வருகிறவர்களும் இதே கதைதான். மாடியில் எதை வைப்பதானாலும் கைப்பிடிச் சுவரின் பக்கவாட்டில் வையுங்கள், அல்லது காங்கிரீட் கட்டையில் பொருத்தித் தளத்தின் மேல் சும்மா உட்கார வையுங்கள். தளத்தைத் துளைக்கக் கூடாது. வீட்டு உரிமையாளர்கள் இதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. நான் எழுதிவிட்டேன்.

அந்தப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி, குடித்தனக்காரர் ஏற்படுத்திய சேதம் தவிர, கட்டடத்தின் கட்டமைப்பு சார்ந்த பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு. கூரை ஒழுகினால் நாம்தான் பார்க்க வேண்டும். அதற்காகக் குடித்தனக்காரர் ஐப்பசியில் வந்து சொன்னால் போதாது. மார்கழியில் நானே அவர்கள் வீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறேன். போன முறை பரண் மேல் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது அவர்களுக்கே தெரியாது.

காங்கிரீட் தளத்தில் கறையைவிட எனக்குப் பயம் கம்பிதான். துருப்பிடித்த கம்பி பழைய பருமனில் நிற்காது, ஊதிப் பெருக்கும். பெருத்தால் கீழ்ப்பூச்சை வெளியே தள்ளும். முதலில் கம்பி ஓடும் நேர்கோட்டில் ஒரு மெல்லிய விரிசல், பிறகு அந்த இடம் லேசாகத் தொங்கும், ஒருநாள் இரவு காரை பெயர்ந்து கட்டிலில் விழும். துடைப்பக் கட்டையால் உட்கூரையைத் தட்டிப் பார்த்தால் பொக்கு தெரிந்துவிடும். அந்த நிலையில் மேலே ரசாயனம் பூசுவதும் கீழே பட்டி பார்ப்பதும் புண்ணைக் கழுவாமல் பிளாஸ்திரி ஒட்டுகிற வேலை. பொக்கானதைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சுக் கொடுத்துத்தான் மறுபடி பூச வேண்டும். கம்பி பாதியாக இளைத்திருந்தால் கொத்தனாரோடு நிறுத்தாமல் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மெட்ராஸ் டெரஸ் விஷயம் முற்றிலும் வேறு. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டி இறுக்கிய சுண்ணாம்புத் தளம் இருக்கிறது. அது ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் வெளியே விடும். அதன் மேல் போய்ச் சிலர் சிமென்ட்டைக் கனமாகப் பூசுகிறார்கள். பிளாஸ்டிக் போன்ற பூச்சும் அடிக்கிறார்கள். ஏற்கெனவே உள்ளே புகுந்த ஈரம் மேலே போக வழியில்லாமல் கீழே தேக்குக் கட்டையில் போய்த் தங்குகிறது. கட்டையின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கிற இடம்தான் முதலில் இற்றுப்போகும். வெளியே பார்த்தால் தெரியாது. அந்த இடத்தில் ஒரு ஊசியைக் குத்திப் பார்க்கலாம். கெட்டி மரத்தில் நுனி மட்டும் இறங்கும், இற்றதில் சர்ரென்று உள்ளே போய்விடும். சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பாலேயே பழுது பார்ப்பதுதான் முறை. காங்கிரீட் தளத்தில் தூம்பை அடைத்து இரண்டு மூன்று நாள் தண்ணீர் கட்டிச் சோதிப்பார்களே, அந்தச் சோதனையை இந்த மச்சின் மேல் யாரும் செய்ய வேண்டாம்.

நாட்டு ஓட்டுக்கு வருடம் ஒருமுறை ஓடு மாற்றுவது என்று ஒரு வேலை இருந்தது. கூரை முழுக்கப் பிரிக்க வேண்டியதில்லை. சரிந்த ஓட்டை மேலே தள்ளி, உடைந்ததை எடுத்து, அடியில் இற்ற மூங்கிலை மாற்றி, இடையில் சேர்ந்த மண்ணையும் சருகையும் உதற வேண்டும். எங்கள் தாழ்வாரத்தில் பூனைகள் இரவில் நடத்தும் ஓட்டப்பந்தயத்தில் எப்படியும் பத்து ஓடு நகர்ந்துவிடும். இரண்டு சரிவு சேரும் கூடல்வாயில்தான் சருகு அதிகம் தங்கும். அதை மட்டும் சுத்தம் செய்தாலே பாதி ஒழுக்கு நிற்கும். போகிக்குச் சுவரடிக்க வரும் பெயின்டர் ஏணியைச் சாய்த்து ஓட்டின் மேல் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு ஆள் கீழே நிற்க வேண்டும்.

மார்கழியில் மழை முடிந்துவிட்டதா என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2021 ஜனவரியில் பொங்கல் சமயத்தில் டெல்டாவில் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். அதனால்தான் மார்கழியில் பார்ப்பதும் குறிப்பதும் மட்டும் போதும் என்கிறேன். கறையுள்ள அறைகளின் உட்கூரையை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் வெள்ளையடித்துப் பொங்கல் வைக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. தை கழிந்ததும் கொத்தனாருக்குச் சொல்லிவைத்தால் மாசி, பங்குனியில் தளம் நன்றாகக் காய்ந்திருக்கும்; அவருக்கும் அவசரம் இருக்காது. பூசியதைத் தினம் நனைத்து ஆறவிட நமக்கும் நாள் இருக்கும். ஐப்பசியில் கூப்பிட்டபோது எங்கள் கொத்தனார் சொன்னது, "அம்மா, இப்ப நான் வந்தா தார்ப்பாய்தான் கட்ட முடியும். அதுக்கு நான் எதுக்கு?"

அதே ஐப்பசியில்தான் பத்து வருட உத்தரவாதம் என்று பூச்சு விளம்பரங்களும் வருகின்றன, உங்கள் நாளிதழ் உட்பட. பூச்சுகளில் நல்லவை உண்டு, நானும் பின்கட்டில் ஒன்று அடித்திருக்கிறேன். ஆனால் உத்தரவாதச் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் தளம் காய்ந்திருக்க வேண்டும், விரிசலை முன்பே அடைத்திருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது என்றெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். இவை எல்லாம் இருந்தால் கூரை ஏன் ஒழுகப்போகிறது என்று கேட்கத் தோன்றுகிறது! அந்த விளம்பரங்களைத் தையிலோ மாசியிலோ வாங்கிப் போட முடியுமா என்று உங்கள் விளம்பரப் பிரிவிடமும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கோரிக்கை. நாட்டு ஓடு மாற்றத் தெரிந்தவர்களும் சுண்ணாம்புத் தளம் போடத் தெரிந்தவர்களும் எங்கள் பக்கத்தில் அருகிவிட்டார்கள். ஓடும் புதிதாகக் கிடைப்பது அரிது. இடிக்கிற வீடுகளில் சொல்லிவைத்துத்தான் வாங்குகிறோம். மயிலாடுதுறை, கும்பகோணம் வட்டாரத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் உங்கள் வாசகர்களில் இருந்தால், உங்கள் அலுவலகத்துக்கு எழுதச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். மாசி முதல் தேதிக்கு எங்கள் தெருவிலேயே நாலு வீட்டு வேலை காத்திருக்கிறது. கூலியைப் பேசிக்கொள்ளலாம், சாப்பாடு எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை